கூட்டத்தில் ஒரு நாற்காலி

சி.ஐ.ஓ.க்களை, அதாவது நிறுவனங்களின் தலைமைத் தகவல் அதிகாரிகளை, இப்போது வியாபாரத் தலைவர்கள் என்கிறார்கள். கணினி அறையின் ஏ.சி. குளிரில் கிடந்தவர்களுக்கு இயக்குநர் குழுக் கூட்டத்தில் நாற்காலி கிடைத்திருக்கிறது. வளர்ச்சி, வருவாய், ஏஐ என்று வாய் நிறையப் பேசலாம். நடுவில் ஸ்க்ரீனில் படம் வராமல் போனால் மட்டும் அத்தனை கண்களும் சி.ஐ.ஓ. பக்கம் திரும்பும். ஒயரைப் பிடுங்கிச் செருகுவதும் அவர்தான்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. லட்சக்கணக்கானோர் சொந்தப் பணத்தைத் தொட முடியாமல் தவித்தார்கள். வங்கிக்கு ஏறக்குறைய 4.9 கோடி பவுண்டு அபராதம். அதோடு விடவில்லை. 2023-ல், சம்பவம் நடந்தபோது சி.ஐ.ஓ.வாக இருந்தவருக்கு அவர் பேரிலேயே தனியாக 81,620 பவுண்டு அபராதம் விதித்தார்கள். வியாபாரத் தலைவர் என்பதற்கு இவ்வளவு துல்லியமான சான்றிதழை எந்த நிர்வாகக் கல்லூரி தரும்?