கிடாரம் வெளியே போயிருக்கிறது

நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். போர்த்துக்கேயர் கொண்டுவந்து இறக்கியது, வெள்ளைக்காரன் காலத்தில் நோலன் என்ற ஐரிஷ்காரர் வளர்த்தது என்று ஒழுங்காகச் சொல்லிப் போகலாம். ஆனால் போன சனிக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. குதிரை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும், இதைச் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பிலிருந்து பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் குறிகட்டுவானில் படகேறி, அலையில் ஆடி, பாதிப்பேர் சத்தியெடுத்து, எங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். வாசிகசாலைக்குப் பின்னால் ஓர் அறை, சம்பளமில்லாத நாலைந்து பேர், திறப்பு என்னிடம். நடுமேசையில் அழகாக எழுதிய அட்டை: ‘பழங்காலப் பித்தளைக் கிடாரம்’. மேசையில் கிடாரத்தைக் காணோம்.

“சேர், கிடாரம் எங்கே?”

“அந்தியேட்டிக்குப் போயிருக்கு, பிள்ளை.”

உங்கள் ஊரிலும் இதே கதைதானே? கொடுப்போம், ஆனால் விடமாட்டோம். அந்தக் கிடாரம் வந்த நாளில் அதற்குச் சந்தனப் பொட்டு, மாலை, படம் பிடிப்பு. விளிம்பில் புள்ளி புள்ளியாக அடித்த ‘வே.க.’ என்ற எழுத்தைக் காட்டி, “எங்கட அப்புவின்ர பேர்” என்று கண் கலங்கினார் கொடுத்தவர். மாதம் திரும்பவில்லை, வாசலில் நிற்கிறார். “மாஸ்டர், கிடாரத்தை ஒருக்காத் தாங்கோவன். நாளைக்குக் கலியாணம்.”

அன்று தொடங்கியது. கலியாணம், சாமத்தியவீடு, முப்பத்தொன்று, ஆண்டுத்திவசம், கோயில் அன்னதானம். கறுப்புப் படிந்திருந்தால்தான் பழசுக்கு மதிப்பு என்று நான் தொண்டை கிழியச் சொல்ல, புளி போட்டுத் தேய்த்துப் புதுசாக்கிக் கொண்டுவருவார்கள். ஒருமுறை அடியில் பாயாசம் இருந்தது. “உங்களுக்கெண்டுதான் விட்டனாங்கள், மாஸ்டர்.” ஈயம் பூச யாழ்ப்பாணம் போய்வந்த செலவு அருங்காட்சியகக் கணக்கில். இன்னொருமுறை திரும்பி வந்தது அலுமினியக் கிடாரம். “பித்தளை அங்க நிக்கட்டும், மாஸ்டர். இதுவும் கிடாரம்தானே.” அட்டையை மாற்றி எழுதவா என்று கேட்டேன். தேவையில்லையாம், பார்க்க வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாதாம்.

ஒல்லாந்தரைத் திட்டுகிறோம். அவர்கள் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். ஒட்டி நின்றது எங்கள் நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும். முன்னூறு வருடத்துக்கு மேலாகிறது, ஒருத்தனாவது வந்து, “அந்தப் பேரை ஒருக்காத் தாங்கோ” என்று கேட்டானா? விட்டுப்போன கோட்டையைக்கூடக் கேட்கவில்லை. நாங்கள்தான் அதிலிருந்து கல் பிடுங்கினோம்.

பொறுக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் விஷயத்தை எடுத்தேன். எல்லோருக்கும் என்னைவிடக் கோபம். வரலாற்றுப் பொருளில் சோறு காய்ச்சுவதா என்று தலைவர் மேசையில் அடித்தார். கிடாரத்தை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அதற்குக் கீழே, அடுத்த மாதம் மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கும் தலைவர் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: ‘நிர்வாகசபை உறுப்பினர் வீட்டு விசேஷங்கள் நீங்கலாக.’

நான் உறுப்பினர் இல்லை. திறப்பு வைத்திருக்கிறவன்.