விடுங்க சார்!

சேவை சரியில்லை என்றால் யாரைப் பிடிப்பது? கவுண்டரில் இருப்பவரைக் கேட்டால் 'சிஸ்டம் ஸ்லோ' என்பார். சிஸ்டத்தைக் கவனிப்பவரைக் கேட்டால் 'சர்வர் டவுன்' என்பார். சர்வர் எங்கே என்றால் பெங்களூர்ப் பக்கம் கை காட்டுவார்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருப்பார். இப்படி எல்லோரும் நழுவிவிட, மிச்சமிருக்கும் ஒருவரை மட்டும் யாரும் சந்தேகிப்பதே இல்லை. அவர் வரிசையில் உங்களுக்கு நேர் பின்னால் நிற்கிறார். அவர் பெயர் 'விடுங்க சார்'.

வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா. படிவம் நிரப்ப இரவல் கேட்டால் பேனாவை மலர்ந்த முகத்தோடு கொடுப்பார். புகார்ப் புத்தகத்தில் எழுதக் கேட்டால் மட்டும், "ரீஃபில் தீந்து போச்சு சார்" என்பார்.

பேருந்து நிலையக் கடையில் நீங்கள் தண்ணீர் பாட்டில் வாங்குகிறீர்கள்.

"பாட்டில்ல 20 ரூபாய்னு போட்டிருக்கு, 25 கேக்கறீங்களே?"

"கூலிங் சார்ஜ் சார்."

எம்ஆர்பி என்றால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான், கடைக்காரர் ஐஸ்பெட்டிக்குத் தனி வாடகை வசூலிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று நீங்கள் ஆரம்பிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வரும்: "விடுங்க சார், அஞ்சு ரூபாயில கோட்டையா கட்டப் போறாரு?"

ஒரு நாளைக்கு இருநூறு பாட்டில் என்று வையுங்கள். ஐந்து ஐந்தாக ஆயிரம் ரூபாய், மாதம் முப்பதாயிரம். கோட்டை எழும்பாவிட்டாலும் காம்பவுண்டு சுவர் எழும்பிவிடும். ஆனால் அந்த நிமிடத்தில் வரிசை முழுக்க உங்களைத்தான் முறைக்கும். ஐந்து ரூபாய் கூட வாங்கியவர் அப்பாவி, கேட்டவர் அல்பம். இந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி நம்மவர்தான்.

பில் விஷயத்தில் அவருடைய பெருந்தன்மை இன்னும் விசேஷம். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், பரவாயில்லையா?" என்று மிக்ஸிக் கடைக்காரர் கேட்டதும், "நமக்குள்ள என்னங்க பில்லு!" என்று சொல்லிவிடுவார். அந்தக் கடைக்காரரை அவர் பார்த்தே பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். மிக்ஸி மூன்றாம் நாள் புகையும். எடுத்துக்கொண்டு போனால் அதே கடைக்காரர், "பில் இருக்குங்களா?" என்பார். நம்மவர் தலையைச் சொறிந்தபடி திரும்பி வருவார்.

சரி, பில் இருந்தால்? அதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கும். "பிரிண்ட் பண்ணியே போட்டுட்டாங்களே சார், அப்புறம் எப்படிக் கேக்கறது?" அச்சில் வந்ததெல்லாம் அவருக்கு வேதம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அச்சில்தான் வந்திருக்கிறது. பில் தர மறுப்பதும், பழுதான பொருளைப் பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று அதில் இருக்கிறது. அந்த அச்சை மட்டும் அவர் கண் தாண்டிப் போய்விடும்.

அவருடைய உச்சகட்டப் பெருந்தன்மையைக் காண அவர் வீட்டு வாஷிங் மெஷின் பழுதாக வேண்டும். நாலைந்து முறை போன் போட்ட பிறகு மெக்கானிக் வருகிறார். பின்மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்க்கிறார். "போர்டு போயிருச்சு சார். ஸ்டாக் இல்ல, வரணும்." மூடியைத் திரும்ப மாட்டுகிறார். கழற்றியது எட்டு ஸ்குரூ, ஏறியது ஆறு. மீதி இரண்டையும் மெஷின்மேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்.

"சார், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும்..."

"மெஷின் ஓடலையே தம்பி?"

"இன்னைக்குக் கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆகலேன்னா என் இன்சென்டிவ்ல பிடிச்சிருவாங்க சார். பார்ட்ஸ் வந்ததும் நானே வந்து மாட்டித் தர்றேன்."

நம்மவர் மனம் இளகிவிடும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நாலு எண்ணையும் பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல் ஒப்பிப்பார். 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று உடனே செய்தி வரும். "அப்படியே அஞ்சு ஸ்டார் சார்." அதையும் குத்திவிடுவார். உள்ளேயிருந்து மனைவி கேட்பார்: "என்னங்க, மெஷின் ஓடுதா?"

"பையன் ரொம்பத் தங்கமான பையன்."

கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை என்பது அந்த அம்மாவுக்குப் புரியும். பக்கெட்டை எடுத்துக்கொண்டு துணி துவைக்கிற கல்லுக்குப் போய்விடுவார்.

அதே மாலையில் கம்பெனித் தலைமையகத்தில் கிராஃப் ஒன்று சரசரவென்று மேலேறும். அந்தப் பேட்டையில் புகார் நிலுவை பூஜ்யம், திருப்தி நூற்றுக்கு நூறு. போர்டு ஸ்டாக் வாங்கிப் போடச் சொன்ன கீழ்நிலை அதிகாரியை, "எதுக்குய்யா? கஸ்டமர்தான் சந்தோஷமா இருக்காரே!" என்று மேலதிகாரி அடக்கிவிடுவார். மெக்கானிக்கைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெஷினைச் சரிசெய்தால் காசு என்றில்லாமல், புகாரை மூடினால் காசு என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் குளுகுளு அறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மவர் ஐந்து நட்சத்திரம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

அவருக்குக் கோபமே வராது என்று நினைக்க வேண்டாம். சாம்பார் ஆறியிருந்தால் பரிமாறுகிற பையனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். கல்லாவில் முதலாளி, "சாப்பாடு எப்படிங்க?" என்றதும், "பிரமாதம்!" என்று சோம்பை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாலோ, "இந்த நாடு உருப்படாது சார். ஜப்பான்ல இப்படி நடக்குமா?" என்று கர்ஜனைதான். ஜப்பானுக்கும் அவருக்கும் உள்ள ஒரே தொடர்பு, வீட்டில் ஓடாமல் நிற்கும் ஒரு கடிகாரம். அதற்கும் அவர் புகார் கொடுத்ததில்லை.

விடாமல் புகார் கொடுத்தவரும் உண்டு. உத்தரப் பிரதேசத்து மதுராவில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். 1999இல் ரயில் டிக்கெட்டுக்கு 20 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்று நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார். நூற்றுக்கும் மேற்பட்ட முறை விசாரணை நடந்து, 2022இல் தீர்ப்பு வந்தது: 20 ரூபாயை வட்டியோடு திருப்பிக் கொடுப்பதோடு 15,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும். இதைச் சொன்னால் நம்மவர் துள்ளிக் குதிப்பார்: "பாத்தீங்களா! இருபது ரூபாய்க்கு இருபத்திரண்டு வருஷம். அதான் சொல்றேன், விடுங்க சார்!"

நியாயமான பயம்தான். நம் ஊரில் வழக்கு நகரும் வேகத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வழக்கு என்பது கடைசிப் படி. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதில் பேசக் காசு கிடையாது. அதற்கும் மசியாதவர்கள் என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. இத்தனையும் சொன்ன பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி: "1915க்குப் போன் போட்டா, நம்ம பேரைக் கேப்பாங்களா சார்?"

ஆகவே என் தீர்ப்பு இது. முதலில் பார்த்த வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று கவுண்டருக்கு ஒரே ஆளைப் போட்டது நிர்வாகத்தின் குற்றம். அந்த ஆள் எரிந்து விழுவது அவர் குற்றம். இரண்டும் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பது 'விடுங்க சார்' செய்த குற்றம். முதல் இருவருக்கும் சம்பளம் வருகிறது. இவர் இலவசமாகச் செய்கிறார்.

நீங்கள் யாரிடமும் கத்த வேண்டாம், சண்டை போட வேண்டாம். பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். மெஷின் ஓடிய பிறகு ஓடிபியைச் சொல்லுங்கள். முன்னால் நிற்பவர் நியாயம் கேட்கும்போது, பின்னால் நின்று வாயைத் திறக்காமலாவது இருங்கள்.