லெண்டிங் லைப்ரரி மாமாவுக்கு

போர்ட்லேண்ட், ஆரிகன்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

லெண்டிங் லைப்ரரியை மூடப் போவதாகப் போனில் சொன்னீர்கள். "காலம் மாறிப்போச்சுப்பா" என்றீர்கள். எங்கே மாறியது? இங்கே எல்லோரும் உங்கள் தொழிலைத்தான் செய்கிறார்கள். பாட்டு, படம், புத்தகம் எல்லாம் மாத வாடகை. பி.எம்.டபிள்யூ கம்பெனி 2022-இல் சில நாடுகளில் கார் சீட்டைச் சூடாக்கவும் மாதச் சந்தா கேட்டது. சாமான் காருக்குள்ளேயே இருக்கும். காசு கட்டினால்தான் முதுகுக்குச் சூடு. ஜனங்கள் போட்ட கூச்சலில் மறு வருஷமே கைவிட்டார்கள்.

புத்தகத்தைத் திருப்பித் தராதவர் வீட்டு வாசலில் டி.வி.எஸ். ஃபிஃப்டியோடு போய் நிற்பீர்களே, அதுவும் இங்கே நடந்திருக்கிறது. 2009-இல் அமேசான், தன்னிடம் காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே இரண்டு ஆர்வெல் நாவல்களைச் சொல்லாமல் கொள்ளாமல் அழித்தது. உரிமை இல்லாதவர் விற்ற பதிப்பாம். அதில் ஒன்று, அரசாங்கம் வீட்டுக்கு வீடு வேவு பார்க்கும் '1984'! பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். நீங்களாவது திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் புத்தகத்தை வாங்கிப் போவீர்கள்.

எங்கள் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போனால் பெண்ட். உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே பிளாக்பஸ்டர் வீடியோ வாடகைக் கடை அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் கடை வைத்திருந்தவர்கள். 2000-இல் நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் வந்து, "ஐந்து கோடி டாலருக்கு எங்களை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றதற்கு வேண்டாம் என்றார்களாம். இன்று அந்தக் கடைக்குக் கோயிலுக்கு வருவதுபோல் வந்து, போட்டோ எடுத்து, டி-ஷர்ட் வாங்கிப் போகிறார்கள். நாங்களும் போனோம். என் மகள் அலமாரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல தேடுற பட்டன் எங்கப்பா?" என்றாள்.

விஞ்ஞானத்தில் அமெரிக்காக்காரன் கெட்டி என்பீர்கள். அங்கேயும் காலம் முழுசாக மாறிவிடவில்லை. ஒருத்தர் பவுண்டுக் கணக்கிலும் இன்னொருத்தர் மெட்ரிக் கணக்கிலும் போட்டு, செவ்வாய்க்கு விட்ட விண்கலத்தையே 1999-இல் தொலைத்தார்கள். இன்றைக்கும் டாக்டர் என் எடையைப் பவுண்டில்தான் சொல்கிறார். கேட்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

கடையை மூடுவது உங்கள் இஷ்டம். ஆனால் தாத்தா கல்கியிலிருந்து கிழித்து, மணியம் படங்களோடு பைண்டு பண்ணி வைத்த பொன்னியின் செல்வனை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜூலையில் வருகிறேன். டெபாசிட் கட்டியே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்