வாடகை இல்லாத வீடு

கேள்வி: ஓய்வு பெற்றதும் பாய்மரப் படகு வாங்கி, மன்னார் வளைகுடாவிலேயே குடியிருக்க ஆசை. வீட்டு வாடகை மிச்சமாகுமே?
– ஒரு வாசகர், ஆறுமுகநேரி

பதில்: ஆகும். ஆனால் உங்களுக்கு முன்பே, படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு குடிவந்துவிடும். அது வாடகையும் தராது, காலியும் செய்யாது. நம் கடலின் வெதுவெதுப்பில் அதற்கும் பாசிக்கும் ஏகக் கொண்டாட்டம். படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, செம்பு கலந்த பெயின்ட் அடித்தாக வேண்டும். மறு வருஷம் மறுபடியும். மரப்படகு என்றால் கப்பல்புழு உள்ளேயே குடைந்து தின்னும். இரும்பை உப்பு என்ன செய்யும் என்பதை உப்பள ஊர்க்காரரான உங்களுக்கு நான் சொல்வதா!

தூத்துக்குடித் தோணிக்காரர்களைப் பாருங்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கோடு போகும்போது சமையல், தூக்கம் எல்லாம் தோணியில்தான். பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை உளி வைத்துத் தட்டித் தட்டி இறுக்குவார்கள். ஒரு விரற்கடை விட்டுப்போனாலும் கடல் எட்டிப்பார்க்கும். கழிப்பறை எங்கே என்று மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள்.

கடற்படை அதிகாரிகளான புதுச்சேரி ரூபாவும் கேரளத்துத் தில்னாவும் 56 அடி பாய்மரப் படகு ‘தாரிணி’யில் 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை உலகைச் சுற்றினார்கள். கடற்படையே பின்னால் நின்றும், பழுது பார்க்கத் துறைமுகம் துறைமுகமாக நிற்கவேண்டியிருந்தது. உங்கள் பின்னால் நிற்கப்போவது பென்ஷன் மட்டும்தானே?

இன்னொன்று: மன்னார் வளைகுடாவில் நம் பக்கம் உள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. ஆசைப்பட்ட இடத்தில் நங்கூரம் போட்டால், முதல் விருந்தாளியாக வனத்துறை வரும்.