பழைய கணக்கு

ரிட்டயரான சீனியர் மேனேஜரைக் கண்டுபிடிப்பது சுலபம். பால் பாக்கெட் வராவிட்டால் "எஸ்கலேட் பண்ணணும்" என்பார். மோட்டார் போடும் வாட்ச்மேனுக்கு மாதக் கடைசியில் ரிவ்யூ வைப்பார். எங்கள் அடுக்ககத்தில் அப்படி மூன்று பேர். நான் சொல்வது இரண்டாவது மாடிக்காரரை.

ரிட்டயரானதும் ஒரு வருடம் ஆலோசகராக நீட்டித்தார்கள். அதுவும் போன மாதம் முடிந்தது. வழியனுப்பு விழா இரண்டு நடந்ததால் ஹாலில் சுவர்க்கடிகாரமும் இரண்டு. ஒன்றுக்கொன்று ஆறு நிமிட வித்தியாசம்.

ஞாயிறு காலை கூப்பிட்டார். "தம்பி, மெயில் ஓப்பன் ஆகலை. கொஞ்சம் அர்ஜென்ட்." அவருக்கு வரும் அர்ஜென்ட் மெயில் காஸ் புக்கிங் ரசீதுதான். இருந்தாலும் போனேன்.

அவுட்லுக்கைத் தட்டினால் பாஸ்வேர்டு கேட்டது. கம்பெனி டைரியை எடுத்து வந்து, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தார். மறுபடி கேட்டது. மறுபடி அடித்தார். ஃபோல்டர்களைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி மூடிக்கொண்டது.

"எந்த மெயிலுக்கு சார் கேட்குது?"

"ஆபீஸ் மெயிலுக்கு."

அந்தக் கணக்கை ஆபீஸில் மூடிவிட்டார்கள். அவுட்லுக் மேல் குற்றமில்லை. 2020 ஊரடங்கில் இந்த லேப்டாப்பில் ஆபீஸ் கணக்கை முதலாவதாகவும் சொந்தக் கணக்கை இரண்டாவதாகவும் போட்டவர் சார்தான். ஆபீஸ் கதவு திறந்தால்தான் அதற்கு ஜன்னலே வரும் என்றேன்.

"இவரும் முப்பது வருஷம் அப்படித்தான் இருந்தார்" என்று காபியை வைத்துவிட்டுப் போனார் அவர் மனைவி.

கன்ட்ரோல் பேனலில் 'மெயில்' என்று ஒரு ஐகான் உண்டு. அவுட்லுக்கைத் திறக்காமலே அங்கே போய்ப் பழைய ப்ரொஃபைலை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போடலாம். 'ரிமூவ்' அழுத்தினேன். இதை நீக்கினால் கணினியில் உள்ள நகல்களும் போய்விடும், ஜாக்கிரதை என்று ஒரு பெட்டி வந்தது. சார் என் கையைப் பிடித்துவிட்டார்.

"என் ஃபேர்வெல் மெயிலுக்கு வந்த ரிப்ளை எல்லாம் அதுல இருக்கு தம்பி. நாற்பத்தோரு பேர். ரிப்ளை ஆல்."

கணக்கு உயிரோடு இருந்தபோதே பிஎஸ்டி கோப்பாக எடுத்து வைத்திருக்க வேண்டும். இப்போது இருப்பது ஓஎஸ்டி, சர்வரில் உள்ளதன் நிழல், அதை அவுட்லுக்கில் தனியாகத் திறக்க முடியாது என்றேன். "இருக்கட்டும். ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்றார், வீட்டில் வயதானவர்களைப் பற்றிச் சொல்லும் குரலில்.

அதனால் பழையதைத் தொடாமல் புது ப்ரொஃபைல் ஒன்று போட்டேன். சொந்தக் கணக்கு மட்டும். பெயர் கேட்டது. வெகுநேரம் யோசித்து, "ஹெட் ஆபீஸ்னு போடுங்க" என்றார். திறக்கும்போது எந்த ப்ரொஃபைல் என்று கேட்கும்படியும் வைத்துவிட்டு வந்தேன்.

தினமும் ஒன்பது மணிக்குச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, முதலில் பழையதைத்தான் தேர்ந்தெடுக்கிறாராம். அது மூடிக்கொண்ட பிறகே காஸ் ரசீது.

நேற்று மாடிப்படியில் நிறுத்தினார். "தம்பி, இன்னிக்குப் பாஸ்வேர்டு கேட்கவே ரெண்டு நிமிஷம் லேட் ஆச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ளே ஏதோ டிஸ்கஷன் நடக்குது போல."