கேள்வி – பதில்: மதுரையோடு திரும்பிய கேமரா

கேள்வி: மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் பழைய போட்டோக்களை எடுத்த அந்த வெள்ளைக்காரர் யார்?
– கல்லூரி மாணவி, அருப்புக்கோட்டை

பதில்: லின்னேயஸ் ட்ரைப். சென்னை ராணுவத்தில் கேப்டன். 1856-ல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் போட்டோகிராபராக வைத்துக்கொண்டது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரம். இவரோ இங்கே தூண்களைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். புது மண்டபம், தெப்பக்குளம், நாயக்கர் மகால், வைகைத் தரைப்பாலம், கோயில் நகைகள் என்று 1858-ல் மதுரைக்கு மட்டும் நான்கு பாகங்கள் வெளியிட்டார். போட்டோ என்ற கலை பாரிஸில் அறிவிக்கப்பட்டது 1839-ல். இருபது வருடத்துக்குள் மாசி வீதிக்கே வந்துவிட்டது.

கேள்வி: எங்கள் ஊருக்கு ஏன் வரவில்லை?
– வியாபாரி, பந்தல்குடி

பதில்: ட்ரைப் வெளியிட்ட தொகுப்புகளைப் பாருங்கள்: மதுரை, தஞ்சாவூர்–திருவையாறு, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, அன்றைய சேலம் ஜில்லாவின் ராயக்கோட்டை. கோட்டை இரண்டு உண்டு. நம் அருப்புக்கோட்டை இல்லை. பேர்பெற்ற ஊருக்குக் கேமரா போகிறது, கேமரா போனதால் பேர் இன்னும் கூடுகிறது. 1876-ல் ரயில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போனபோதும் விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) வழியாகத்தான் போனது, நம் பக்கம் வரவில்லை. அடுத்து வந்த கேமராக்காரர்கள் ரயிலைப் பிடித்து வந்தார்கள். கரிசலில் வண்டி மாட்ட அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

கேள்வி: அப்போதெல்லாம் நெகட்டிவே காகிதம்தானாமே? நம்ப முடியவில்லையே!
– நெசவாளர், அருப்புக்கோட்டை

பதில்: நீங்களே நம்பாவிட்டால் எப்படி? பாவுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குகிற மாதிரி, காகிதத்தில் மெழுகைத் தேய்த்து, சூடு காட்டி இழைக்குள் இறக்குவார்கள். காகிதம் கண்ணாடி போல ஒளி விடும். பிறகு அயோடைடு கரைசல், அதன்மேல் வெள்ளி நைட்ரேட். படம் எடுத்தபின் காலிக் அமிலத்தில் ஊறவைத்தால் உருவம் மெல்ல மெல்ல எழும். அதே காலத்தில் கண்ணாடித் தகட்டு முறையும் இருந்தது. ஆனால் அதில் தகட்டின் ஈரம் காய்வதற்குள் எல்லா வேலையையும் முடித்தாக வேண்டும். நம் வெயிலில் அது நடக்கிற காரியமா? மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து மூட்டை கட்டி வரலாம். பிரதி எடுக்கவும் தனி விளக்கு வேண்டாம், சூரியன் போதும். அந்தச் சரக்குக்கு மட்டும் நம் பக்கம் என்றைக்கும் பஞ்சமில்லை. படத்தை அலசுகிற தண்ணீருக்குத்தான் கஷ்டப்பட்டிருப்பார்!

கேள்வி: அந்தப் படங்களில் கோயில் இருக்கிறது, கூட்டத்தைக் காணோமே. பக்தி குறைவா?
– பூ வியாபாரி, திருச்சுழி

பதில்: பக்தி குறைவில்லை, காகிதத்தின் ஒளியுணர்வுதான் குறைவு. ஒரு படத்துக்குக் கேமரா நிமிடக்கணக்கில் கண் திறந்திருக்க வேண்டும். நடந்து போனவர் பதியமாட்டார். நின்று நகர்ந்தவர் புகையாகப் பதிவார். அசையாமல் இருந்தது கல் மட்டும்தான். மதுரைக் கோயிலில் ஆளே இல்லை என்று படத்தை வைத்துச் சாதித்துவிடலாம். போட்டோ பொய் சொல்லாது என்று சொன்னவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: டச்சிங் வேலையைக் கண்டுபிடித்ததே ஸ்டுடியோக்காரர்கள்தான் என்று பழிக்கிறார்கள்.
– ஸ்டுடியோ உரிமையாளர், காரியாபட்டி

பதில்: உங்கள் மேல் குற்றமில்லை. அன்றைய ரசாயனத்துக்கு நீல நிறத்தின் மேல் அசாத்தியப் பிரியம். வானம் வெளிறிப் போகும், மரம் கருத்துப் போகும். ட்ரைப் நெகட்டிவில் தூரிகையால் மேகம் வரைந்தார், இலைகளைத் திருத்தினார். வறட்சிக்காலத்து வானத்தில் மேகத்தை வரவழைத்த முதல் அரசாங்க ஊழியர் அவராகத்தான் இருக்கும்.

கேள்வி: பழைய படத்தால் என்ன பிரயோஜனம், அலமாரியை அடைப்பதைத் தவிர?
– ஓய்வுபெற்ற குமாஸ்தா, பாளையம்பட்டி

பதில்: திருமலை நாயக்கர் மகாலை ஆளுநர் நேப்பியர் காலத்தில்தான் செப்பனிட ஆரம்பித்தார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பு அது எந்தக் கோலத்தில் நின்றது என்று ட்ரைப் படம் காட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு வரிகளை அவர் நகர்ந்து நகர்ந்து படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். அந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஷ் அச்சில் கொண்டுவரத் தொடங்கியது 1891-ல். அலமாரியை அடைத்தது வீண் போகவில்லை, ஐயா.

கேள்வி: இவ்வளவு நல்ல வேலையை ஏன் நிறுத்தினார்கள்?
– அரசு ஊழியர், அருப்புக்கோட்டை

பதில்: 1859-ல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் கணக்கைப் பார்த்தார், இது ஆடம்பரம் என்றார், கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு ட்ரைப் கேமராவை ஏறக்குறையத் தொடவே இல்லை. சிக்கன நடவடிக்கை என்றால் முதலில் எங்கே கை வைப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கேள்வி: திருச்சுழிக்கும் கேமராவுக்கும் சம்பந்தமே இல்லையா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சுழி

பதில்: இருக்கிறது, சுற்றுவழியில். 1879-ல் உங்கள் ஊரில் பிறந்த வேங்கடராமன், ரமண மகரிஷி ஆனார். 1950 ஏப்ரலில் அவருடைய கடைசி நாட்களில் ஆசிரமத்தில் இருந்தவர் பிரெஞ்சுப் புகைப்பட மேதை ஹென்றி கார்ட்டியே-பிரஸ்ஸோன். ஊரைத் தேடி வராத கேமரா, ஊர்ப் பிள்ளையைத் தேடித் திருவண்ணாமலைக்குப் போனது.

கேள்வி: இன்று எல்லார் கையிலும் கேமரா. நாங்கள் எதை எடுக்க வேண்டும்?
– பாலிடெக்னிக் மாணவர், நரிக்குடி

பதில்: கோபுரத்தை விடுங்கள், அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில், பள்ளிமடத்துக் காளைநாதர் கோயில், கோவிலாங்குளத்துச் சமணச் சிற்பங்கள் என்று சுற்றுவட்டாரத்தில் எவ்வளவோ. கல்வெட்டுச் சுவர் இருந்தால் காலை, மாலைச் சாய்வெயிலில் எடுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தானே படிக்க வரும். உச்சிவெயிலில் எடுத்தால் வெறும் பாறைதான். பக்கத்தில் ஓர் அடிஸ்கேல் வையுங்கள். ஊர், சுவரின் திசை, தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். முக்கியமாக, திருப்பணிக்குச் சாரம் கட்டுமுன் போய்விடுங்கள். மணலைப் பீச்சி அடித்துச் சுத்தம் செய்தால் அழுக்கோடு ராஜாக்கள் கொடுத்த நிலமும் போய்விடும்.

கேள்வி: கோயில் முன்னால் செல்ஃபி எடுப்பது தப்பா?
– இல்லத்தரசி, ரெட்டியாபட்டி

பதில்: தப்பே இல்லை, அம்மா. தூண் எவ்வளவு உயரம் என்று தெரிய, பக்கத்தில் ஓர் ஆள் நிற்பது நல்லதுதான். அளவுகோல் தூணை மறைக்காமல் இருந்தால் சரி.