தொடர்வினா இயல்

தொடர்வினா என்பது, ஒருவர் தம்மைப் பற்றிய சில கேள்விகளுக்குப் பொதுவில் பதில் எழுதி, அதே கேள்விகளை மூன்று பேர் அல்லது ஐந்து பேர் தலையில் கட்டிவிட்டு நகரும் இணைய வழக்கம். கட்டப்பட்டவர் தாமும் பதில் எழுதி, வேறு ஐந்து பேர் தலையில் கட்டுவார். பிடித்த நிறம், பிடித்த நடிகர், கடைசியாக அழுத நாள், கடலா அருவியா, காபியா டீயா என்று கேள்விகள் பத்திலிருந்து ஐம்பது வரை நீளும். வலைப்பூ எழுதியவர்கள் இதைத் 'தொடர்பதிவு' என்றார்கள். ஃபேஸ்புக்கில் 'டேக்' என்றார்கள். பேச்சில் வழங்கும் பெயர் 'கோத்துவிடுவது'. மூன்றில் கடைசியே ஆய்வாளருக்கு உகந்தது. பூக்கட்டுபவரின் தொழிலுக்குரிய அந்தச் சொல், ஒருவரை அவர் கேட்காத வம்பில் சேர்த்துவிடுவதையும் தமிழில் குறிக்கும். இங்கே இரண்டு பொருளும் பிசகின்றிப் பொருந்துகின்றன.

தொடர்வினாவின் குலம் கலப்புக் குலம். தந்தைவழியில் அது சங்கிலிக் கடிதத்தின் வாரிசு. தமிழ் வீடுகளுக்கு இந்தக் கடிதம் மஞ்சள் அஞ்சலட்டையாகவும், பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரமாகவும் அறிமுகம். ஒரு கோயிலில் பாம்பு தோன்றி அர்ச்சகரிடம் பேசியிருக்கும். இதை 21 பேருக்கு எழுதி அனுப்பியவருக்கு லாட்டரியில் லட்சம் விழுந்திருக்கும். அலட்சியமாகக் கிழித்துப் போட்டவர் இரத்தம் கக்கியிருப்பார். அனுப்பியவர் பெயர் இராது. கையெழுத்து மட்டும் எதிர்வீட்டு மாமியின் கையெழுத்தைப் போலவே இருக்கும். அஞ்சலட்டை 15 காசுக்கு விற்ற நாளில் இதற்கு ஆன மொத்தச் செலவு 3 ரூபாய் 15 காசு. இரத்தம் கக்காமல் இருப்பதற்கு அது பெரிய விலை என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டதால், கடிதத்தில் கூறப்படும் பரிசு இப்போது சட்டப்படி வழங்க இயலாதது என்பதையும் இங்கே பதிவு செய்யலாம்.

அமெரிக்கர்கள் சாமியை விட்டுவிட்டுக் காசை எடுத்துக்கொண்டார்கள். பொருளாதார மந்தம் அழுத்திய 1935-இல் டென்வர் நகரில் ஒரு கடிதம் கிளம்பியது. அதில் ஆறு பெயர்கள் இருக்கும். முதற்பெயருக்கு ஒரு டைம், அதாவது 10 சென்ட், அனுப்பிவிட்டு அந்தப் பெயரை அடித்து, கடைசியில் தம் பெயரைச் சேர்த்து, ஐந்து பேருக்கு எழுத வேண்டும். யாரும் விட்டுவிடாமல் எழுதினால் 15,625 டைம், ஆக 1,562 டாலர் 50 சென்ட் வீடு வந்து சேரும். வந்து சேர்ந்தது கடிதம்தான். டென்வர் அஞ்சலகம் மூட்டைகளுக்கு நடுவே திணறிப்போனது.

தாய்வழி கொஞ்சம் மேட்டுக்குடி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் அச்சடித்த கேள்விகளோடு ஓர் ஏடு கிடக்கும். விருந்துக்கு வந்தவர்கள் அதில் தங்கள் விருப்பு வெறுப்புகளை எழுதிவிட்டுப் போவார்கள். மகள்களின் வற்புறுத்தலால் 1865-இல் காரல் மார்க்ஸும் இப்படி எழுதிக்கொடுத்தார். பிடித்த நிறம் சிவப்பு என்ற விடையில் வியப்பில்லை. பிடித்த உணவு மீன், பிடித்த நாயகர்கள் ஸ்பார்ட்டகஸும் கெப்ளரும், பிடித்த வேலை புத்தகங்களுக்குள் புழுவாய்க் கிடப்பது. 'மூலதனம்' முதல் தொகுதி வெளிவர அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அந்த வேலைக்கு நடுவிலும் மனிதரைக் கோத்துவிட்டிருக்கிறார்கள்.

1880-களில், பதினைந்து வயதை ஒட்டிய மார்செல் புரூஸ்ட், தோழி அந்துவானெத் ஃபோரின் ஏட்டில் இத்தகைய விடைகளை எழுதினார். தோழியின் தந்தை பின்னாளில் பிரான்சின் குடியரசுத் தலைவரானார். தம்மைப் பற்றி எழுதிய சில வரிகள் போதவில்லை என்று பட்டதோ என்னவோ, புரூஸ்ட் பிறகு ஏழு பாகங்களில் ஒரு நாவல் எழுதினார். அந்த ஏட்டுப் பக்கம் 2003-இல் ஏலத்தில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. 'வேனிட்டி ஃபேர்' இதழ் 1993 முதல் பிரபலங்களிடம் 'புரூஸ்ட் வினாத்தாள்' என்ற பெயரில் இதே வகைக் கேள்விகளைக் கேட்டுப் பதிலைக் கடைசிப் பக்கத்தில் போட்டுவருகிறது. கேள்விகளை எழுதியவர் புரூஸ்ட் இல்லை. அவர் பதில்தான் சொன்னார். ஆனாலும் வினாத்தாள் அவர் பெயரிலேயே நிற்கிறது. கேட்டவரை இந்தத் துறையில் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதற்கு இது முதற்சான்று. தமிழ்நாட்டில் பள்ளி முடிகிற மாதம் வகுப்பைச் சுற்றிவரும் ஆட்டோகிராஃப் நோட்டும், பின்னர் வந்த ஸ்லாம் புக்கும் இந்தத் தாய்வழியின் கடைசிக் கிளைகள்.

பரவலைக் கணக்கிடுவது எளிது. ஒருவர் ஐந்து பேரைக் கோத்துவிட, ஒரு சுற்றுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால், 11-ஆம் நாள் முடிவில் மொத்தம் 6,10,35,156 பேர் சிக்கியிருப்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருந்தவர்கள் 7,21,47,030 பேர். ஆகவே 12-ஆம் நாள் காலைக்குள் மாநிலம் தீர்ந்துவிடும். கைக்குழந்தைகளும் தமக்குப் பிடித்த இயக்குநரைச் சொல்லியாக வேண்டும். 14-ஆம் சுற்றின் முடிவில் எண்ணிக்கை 762 கோடியைத் தாண்டும். 15-ஆம் நாள் அழைப்பதற்கு உலகத்தில் ஆள் போதாது. 2009-இன் தொடக்கத்தில் ஃபேஸ்புக்கை ஆட்டிய 'என்னைப் பற்றி 25 விஷயங்கள்' அலையில் ஒருவர் 25 பேரைக் கோக்க வேண்டியிருந்தது. அந்த வேகத்தில் உலகம் தீர எட்டுச் சுற்றுக்கு மேல் தேவையில்லை. உலகம் இன்னும் தீராமல் இருப்பதால், எங்கோ யாரோ பதில் எழுதாமல் விடுகிறார்கள் என்பது நிறுவப்படுகிறது. மனிதகுலம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. இரத்தம் கக்கியதாகவும் செய்தியில்லை.

இனி இலக்கணம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. விடை தெரிந்துகொண்டே மாணவரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று மயங்குவது ஐயவினா. கடைக்காரரிடம் பருப்பு இருக்கிறதா என்பது வாங்கும் நோக்கத்தால் கொளல்வினா. உடுக்கத் துணி இல்லையா என்பது தரும் நோக்கத்தால் கொடைவினா. பாடத்தைப் படித்தாயா என்பது படி என்று ஏவுவதால் ஏவல்வினா. எண்ணூறு ஆண்டுகளாக இந்த ஆறும் போதுமானதாக இருந்தன.

தொடர்வினாவை இவற்றில் வைக்க முயன்றால் சிக்கல் தெரியும். உங்களுக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள் என்று கேட்பவருக்கு அது தெரியாதுதான். ஆயினும் அறியாவினா ஆகாது, ஏனெனில் தெரிந்துகொள்ளும் எண்ணமும் அவருக்கு இல்லை. காபியா டீயா என்பது ஐயவினாவின் வடிவில் இருந்தாலும் கேட்டவருக்கு ஐயம் எதுவும் கிடையாது. கொடைவினாவாகவும் கொள்ள முடியாது, காபி வரப்போவதில்லை. கோடைகாலமா குளிர்காலமா என்று சென்னைவாசியைக் கேட்பது எந்த வகையிலும் அடங்காது. கேள்வியின் பயன் முழுவதும் கேட்டவர் பக்கமே நிற்கிறது. ஐந்து பேரைக் கேட்பதற்கு முன்னால் அவர் தாம் பதில் சொல்லி முடித்திருக்கிறார். தம்மைப் பற்றித் தாமே பேசுவது தமிழ் மரபில் தற்புகழ்ச்சி, குற்றம். 'கேட்டார்கள், அதனால் சொல்கிறேன்' என்றால் குற்றம் இல்லை. இந்த அனுமதியை உற்பத்தி செய்வதற்கென்றே அமைந்த வினாவைத் 'தன்வினா' என்று ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

விடையை நன்னூல் எட்டாக வகுக்கிறது. தொடர்வினாவில் பெருவழக்காக இருப்பவை சிலவே. கேட்டதை விட்டு அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது இனமொழி: பிடித்த புத்தகம் எது என்றால், சின்ன வயதில் நூலகத்துக்கு நடந்துபோன கதை வரும். கேள்விக்கு விடையாக இன்னொரு கேள்வி கேட்பது வினா எதிர் வினாதல்: கடைசியாக அழுதது எப்போது என்றால், 'இந்தக் கேள்விகளைப் பார்த்த பிறகும் இப்படிக் கேட்கலாமா?' என்று வரும். உங்களிடம் உங்களுக்கே பிடிக்காத குணம் எது என்ற கேள்விதான் ஆய்வுக்குச் செழிப்பான நிலம். எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவது, யாருக்கும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாதது, முன்கோபம் (உடனே மறந்துவிடுவேன்) என்ற மூன்றே விடைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கடன் வாங்கினால் திருப்பித் தருவதில்லை என்று எழுதியவர் இதுவரை அகப்படவில்லை. நன்னூல் இரண்டாவதாகச் சொல்லும் மறைவிடை, அதாவது 'சொல்லமாட்டேன்', இந்தத் துறையில் காணக் கிடைப்பதே அரிது.

பங்கேற்போரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பு வந்த பத்தாவது நிமிடம் பதில் போடுபவர், 'நேரமே இல்லை, அன்புக்காக எழுதுகிறேன்' என்று முன்னுரை போட்டு மற்றவரைவிட நீளமாக எழுதுபவர், மௌனமாக இருந்துவிடுபவர் என்று மூன்று வகை. சிக்கலான பகுதி அழைப்பு. ஐந்து பேரைத் தேர்ந்தால் ஆறாமவருக்கு மனத்தாங்கல். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காமல் விட்ட பெரியப்பாவின் கோபத்துக்கு நிகரானது அது. சில சமயம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். கோத்துவிட்டவரை அடுத்த அலையில் திருப்பிக் கோத்துவிட வேண்டும் என்பது எழுதாத விதி. மொய் நோட்டில் கணக்கு இருக்கும். இங்கே அது மனத்தில் இருக்கிறது.

இந்தக் குலத்தில் ஒரே ஒரு பிள்ளை உருப்பட்டது. 2014-இல் பரவிய பனிநீர் வாளிச் சவாலில், தலையில் பனிநீர் ஊற்றிக்கொண்டவர் மூவரை அழைப்பார். அவர்கள் 24 மணி நேரத்துக்குள் ஊற்றிக்கொள்ள வேண்டும், அல்லது ஏஎல்எஸ் என்னும் நரம்பு நோய்க்கான ஆராய்ச்சிக்கு நன்கொடை தர வேண்டும். அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு இதனால் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் ஹைதராபாத்தில் ஒரு பத்திரிகையாளர் இதை ஒரு வாளி அரிசி தரும் சவாலாக மாற்றினார். இரண்டிலும் யாரும் யாரையும் பிடித்த நிறம் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மற்றப் பிள்ளைகள் ஜோசியத்துக்குப் போய்விட்டன. நீங்கள் முற்பிறவியில் எந்த அரசர், எந்தக் கதாபாத்திரம், எந்தப் பறவை என்று கண்டுசொல்லும் வினாடிவினாக்கள் இவ்வகை. பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948-இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு தனி அறிக்கை என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே அறிக்கையைக் கொடுத்தார். பெரும்பகுதி கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி ஐந்துக்கு 4.26. கிளி ஜோசியம் இதே கொள்கையில்தான் இயங்குகிறது. ஆனால் கிளி ஒரு நெல்லோடு திருப்திப்பட்டுக் கூண்டுக்குள் போய்விடும்.

இணையக் கிளி அப்படிப் போகவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்சாண்டர் கோகன் ஃபேஸ்புக் செயலியாகச் செய்த ஆளுமை வினாத்தாள் ஒன்றுக்குச் சுமார் 2,70,000 பேர் விடையளித்தார்கள். அந்தச் செயலி அவர்களின் விவரங்களோடு நண்பர்களின் விவரங்களையும் அள்ளியது; அள்ளியது கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018 மார்ச்சில் இது வெளியானது. 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர். அவர்கள் வழியாகச் சிக்கியிருக்கக்கூடியவர்கள் 5,62,120 பேர். ஒருவர் சராசரியாக 1,678 பேரைக் கோத்துவிட்டிருக்கிறார், அதுவும் தமக்கே தெரியாமல். ஐந்து பேரை அழைக்கும் பழைய முறையின் நாகரிகம் இப்போது விளங்குகிறது.

ஆகவே மேலே சொன்ன ஏழாவது வகையில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. விடை சொல்பவருக்குத் தன்வினாவாகத் தோன்றுவது, சில வேளைகளில், எதிர்ப்பக்கம் இருப்பவருக்குக் கொளல்வினா. பருப்பு இருக்கிறதா என்று கேட்ட அதே நோக்கம்தான். பவணந்தியார் இதற்கு ஏற்கெனவே இடம் வைத்திருக்கிறார்.

முதலில் படித்த பள்ளி, பிறந்த ஊர், பிடித்த ஆசிரியர், முதலில் வளர்த்த நாய் என்று தொடர்வினாவில் வருபவை, கடவுச்சொல்லை மறந்தவரிடம் இணையதளங்கள் கேட்டுவந்த பாதுகாப்புக் கேள்விகளே. அந்தப் பட்டியலில் உள்ள 'அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர்' மட்டும் தமிழரைக் காப்பாற்றியது. பெரும்பாலான அம்மாக்களுக்கு அப்போது இருந்தது ஓர் இனிஷியல்தான். மற்றக் கேள்விகளுக்கு மறைவிடையே தக்கது. மறுத்துச் சொல்ல நாக்கு வராதவர்கள் இனமொழியைக் கைக்கொள்ளலாம்: நாயின் பெயரைக் கேட்டால் பூனை வளர்த்ததாகச் சொல்லிவிடலாம். நாயின் பெயர் மணி என்றால் எந்த விடைவகையாலும் பயனில்லை. அதை யாரும் கேட்காமலே ஊகித்துவிடுவார்கள்.